மூன்று விரல் துணி

நீல ஜாக்கெட்டின் இரண்டு பக்கத் தையலையும் மூன்று விரல் உள்ளே பிடித்து ஓட்டியாகிவிட்டது. அது போதுமா என்று பெரியவளுக்குச் சந்தேகமாக இருந்தது. நடு அறைக்குப் போய் இன்னொரு முறை டேப்பை வைத்துப் பார்க்கலாம்தான். ஆனால் சின்னவளைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். செத்தவளுக்கு அளவெடுக்கிறாளே என்று பார்ப்பார்கள். காலையில் யாரும் வருவதற்கு முன்பே எடுத்த அளவு இருபத்தெட்டு. பதினாறு வருஷமாக முப்பத்திநாலில் அசையாமல் நின்ற உடம்பு அது.

அந்த முப்பத்திநாலு பெரியவளுக்கு மனப்பாடம். இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்ற பிறகும் சின்னவளுக்கு அரை அங்குலம் கூடவில்லை. பெரியவளோ தன் ஜாக்கெட்டுகளை வருஷத்துக்கு வருஷம் பிரித்துப் பிரித்து, இனிப் பிரிக்கத் துணியே இல்லை என்ற இடத்துக்கு வந்திருந்தாள். அதனால்தானோ என்னவோ, சின்னவளுக்குத் தைக்கும்போது பக்கவாட்டில் தாராளமாக உள்துணி விடுவாள். "எனக்கு எதுக்குக்கா இவ்ளோ துணி உள்ள? நான்தான் குண்டாகவே மாட்டேனே" என்று சின்னவள் சிரிப்பாள். "இருக்கட்டும். வெட்டுனா ஒட்ட முடியாது" என்பாள் பெரியவள். ஒரு நாள் தேவைப்படும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டுத்தான் விட்டாள்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்குள் வந்தவர்கள் அவர்கள். முன் அறையில் இரண்டு தையல் மெஷின்கள். ஜன்னலை ஒட்டியது சின்னவளுடையது. அவள் வந்த முதல் வாரத்திலேயே கொழுந்தன் அதைத் தனியாளாக அங்கே இழுத்துப் போட்டான். "இருட்டுல தைச்சா அவளுக்குக் கண்ணு வலிக்குது அண்ணி" என்றான். அதற்கு முன் நாலு வருஷமாக அதே இருட்டில் தைத்த அண்ணியின் கண்களைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பெரியவள் ஜன்னல் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. இந்த நேரத்தில் அது மனதில் பட்டதை நினைக்க அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

நடு அறையில் கொழுந்தனின் குரல் மறுபடி உடைந்தது. விடியற்காலை ஆறு மணியிலிருந்து அழுகிறான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அத்தனை பிள்ளைகளின் கூச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை இப்போது கம்மிப் போயிருந்தது. சின்னவளின் உயிர் அவன் மடியில்தான் போனது. பெரியவள் அப்போது அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருஷம் குளிப்பாட்டி, துடைத்து, தலை வாரிவிட்டவளுக்குக் கடைசி மூச்சைக் காட்டாமல் போய்விட்டாள். போகிறபோதும் புருஷன் மடிதான் வேண்டியிருந்தது அவளுக்கு.

நான் இப்படிப் படுத்திருந்தால் என்று பெரியவள் நினைத்துப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் எலெக்ட்ரீசியன். இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற அறையில் ஃபேன் ஏன் ஆடுகிறது என்று ஸ்டூல் போட்டு ஏறியிருப்பார். இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

ஜாக்கெட் முடிந்ததா என்று பார்க்க அயர்ன்காரம்மா எட்டிப் பார்த்தாள். தெருமுனையில் துணி தேய்க்கிறவள். இன்றைக்குச் சின்னவளின் உடம்பைக் குளிப்பாட்டியவளும் அவள்தான்.

"ஆச்சா?"

"கொக்கி ஒண்ணு பாக்கி."

அயர்ன்காரம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "எனக்கு ஒண்ணுதான் ஆறல. இவ டெஸ்ட் எடுத்தவதானே? ஒண்ணுமில்லன்னு வந்துச்சே, தெருவுக்கே ஐஸ்கிரீம் குடுத்தாங்களே. அப்புறமும் அதே சீக்குல செத்தான்னா, அந்த டெஸ்ட எதுக்கு எடுக்கணும்? நான் முடிவு பண்ணிட்டேன். இந்தத் தடவ அந்த நர்ஸம்மா பையத் தூக்கிட்டு வரட்டும், அப்படியே திருப்பி அனுப்பிடறேன். அங்க உக்காந்திருக்கறவங்களும் அதையேதான் சொல்றாங்க."

பெரியவள் ஊசியில் நூலைக் கோத்தாள். மூன்றாவது தடவைதான் நுழைந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் நர்ஸம்மா இந்தத் தெருவில் வீடு வீடாக வந்து பை கொடுத்தாள். முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வருமா என்று பார்க்கிற சோதனை. யார் முன்னாலும் போய்ப் படுக்க வேண்டாம் என்றாள். பைக்குள் முனையில் பஞ்சு வைத்த ஒரு நீளக் குச்சி, மூடி போட்ட ஒரு குழாய், எண் அச்சடித்த ஒரு சீட்டு. குளியலறையில் நீங்களே எடுத்துக் குழாயில் போட்டு மூடிவிடுங்கள், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். "தலை பின்ற நேரம்கூட ஆகாது" என்றும் சொன்னாள்.

தெருவே அன்றைக்கு அதைத்தான் பேசியது. குச்சி உள்ளேயே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று ஒருத்தி கேட்டாள். நமக்கெல்லாம் எங்கே வரப்போகிறது என்றாள் இன்னொருத்தி. பூக்கடைக்காரம்மா குரலைத் தணித்து, "அது ஆம்பளைங்ககிட்டேருந்து வர்ற கிருமியாம். இருக்குன்னு வந்துட்டா, யாருகிட்டேருந்துன்னு வீட்டுல கேள்வி வரும்" என்றாள். சின்னவள் அதற்கு மட்டும் சிரிக்கவில்லை.

பெரியவள் தன்னுடையதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். அவளுக்கும் பயம் இருந்தது. ஆனால் கேள்வி கேட்க அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அப்படி ஒரு பை வீட்டுக்குள் வந்ததே வீட்டுக்காரருக்குத் தெரியாது. சின்னவள் மூன்று தடவை குளியலறைக்குள் போய் மூன்று தடவையும் பையோடு திரும்பி வந்தாள்.

"என்னால முடியலக்கா."

"வலிக்கலடி. நான் எடுத்தேனே."

"வலிக்கு இல்லக்கா. ஏதாவது இருக்குன்னு வந்துடுச்சுன்னா?"

"வந்தா வைத்தியம் பாப்பாங்க."

"இவருகிட்ட என்ன சொல்றது?"

"உன் வீட்டுக்காரர் ஒண்ணும் கேக்க மாட்டாரு."

"கேக்க மாட்டாருக்கா. மனசுலயே வெச்சுப்பாரு. அதான் பயம்."

அதைக் கேட்டதும் பெரியவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. ஊரே மெச்சுகிற புருஷன், மெஷினை இழுத்துப் போட்ட புருஷன், தலைவலி என்றால் வேனை நிறுத்திவிட்டு ஓடி வருகிற புருஷன். அவனுக்குத்தான் இவள் பயப்படுகிறாள்!

"அக்கா, என் குழாயிலயும் நீயே எடுத்துப் போட்டுடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

திட்டியிருக்க வேண்டும். காதைப் பிடித்துத் திருகிக் குளியலறைக்குள் தள்ளியிருக்க வேண்டும். பெரியவளுக்கு அது அப்போதே தெரியும். ஆனால் கெஞ்சுகிற சின்னவளை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று ஒரு ஜாக்கெட் கை முழுவதும் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்து பையை வாங்கினாள். சாயங்காலம் நர்ஸம்மா வந்து, சீட்டில் இருந்த எண்ணையும் குழாயில் இருந்த எண்ணையும் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்து இரண்டு குழாய்களையும் வாங்கிப் போனாள்.

பத்து நாளில் இருவருடைய போனுக்கும் செய்தி வந்தது. கிருமி இல்லை, அடுத்த சோதனை ஐந்து வருஷம் கழித்து. பெரியவள் தன் போனை வீட்டுக்காரரிடம் நீட்டினாள். அவர் ஒரு சுவிட்சைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு "ம்" என்றார். அந்த நேரத்தில் வாசலில் வேன் நின்றது. "அண்ணி! ரிசல்ட் வந்துடுச்சு! அவளுக்கு ஒண்ணுமே இல்லையாம்!" என்று கொழுந்தன் பெரிய ஐஸ்கிரீம் டப்பாவோடு இறங்கினான். எதிர்வீடு, பக்கத்துவீடு, அயர்ன் வண்டி என்று எல்லாருக்கும் கொடுத்தான். அண்ணிக்கு ஒரு கரண்டி கூடுதலாக வைத்தான். பெரியவள் அதைச் சாப்பிட்டாள். என் உடம்புடா அது, நான்தான்டா சுத்தம் என்று கத்த வேண்டும்போல இருந்தது. சின்னவள் அவளைப் பார்க்காமல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் சின்னவள் மெஷினை நிறுத்திவிட்டு, "அக்கா, மாசத்துல நடுநடுவுல ரத்தம் படுதுக்கா" என்றாள். உடனே போய்க் காட்டு என்று பெரியவள் சொன்னாள். கொழுந்தன் வேனுக்கு லீவு போட்டுவிட்டுக் கூட்டிப் போனான். தெருத்திருப்பம் வரைக்கும் அவன் அவளுடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பெரியவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வயிறு எரிந்தது.

திரும்பி வந்தபோது கையில் மாத்திரை இருந்தது. டாக்டர் கம்ப்யூட்டரில் பழைய ரிசல்ட்டைப் பார்த்தாராம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுத்தமாக இருந்திருக்கிறது, இது ஹார்மோன் கோளாறாகத்தான் இருக்கும் என்றாராம்.

"சொன்னியா, அது உன்னோடது இல்லன்னு?"

"எப்படிக்கா சொல்றது? இவர் பக்கத்து நாற்காலியிலயே உக்காந்திருந்தாரு."

"அடுத்த தடவ சொல்லிடு."

"ம்."

அடுத்த தடவையும் பக்கத்து நாற்காலி காலியாக இல்லை. அதற்கடுத்த தடவையும் இல்லை. எட்டு மாதம் மாத்திரை ஓடியது. அந்த எட்டு மாதமும் பெரியவள் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது, நானே போய்ச் சொல்லிவிட்டால் என்ன என்று நினைத்தாள். ஒவ்வொரு தடவையும், ஏன் செய்தாய் என்ற கேள்வி தன்னிடம் வரும் என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது புற்றுநோய் இடுப்பெலும்பு வரைக்கும் போயிருந்தது.

அதற்குப் பிறகு அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டது ஒரே ஒரு தடவைதான். கொட்டியது போக மிச்சமிருந்த முடியைப் பெரியவள் வாரிக்கொண்டிருந்தாள். "உன்னோட சுத்தத்த எனக்குக் குடுத்தே. நான் பாரு, என் சீக்க உனக்குத் தரல. கருமிக்கா நான்" என்று சொல்லிச் சின்னவள் சிரித்தாள். பெரியவள் சீப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

வாசலில் திடீரென்று பேச்சு நின்றது. பெரியவள் கடைசிக் கொக்கியை முடிந்துவிட்டுத் தலையைத் தூக்கினாள். நர்ஸம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இன்றைக்குத் தோளில் பை இல்லை.

நடு அறை வரைக்கும்தான் அவளால் போக முடிந்தது. கொழுந்தன் எழுந்துவிட்டான்.

"உங்கள யாரு வரச் சொன்னது?"

"பாத்துட்டுப் போயிடறேன் தம்பி."

"பாருங்க. நல்லாப் பாருங்க." அவன் போனை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். நாலு வருஷத்துக்கு முன்னால் சின்னவள் அவனுக்கு அனுப்பிய அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருந்தான். "நீங்க அனுப்புனதுதானே இது? கிருமி இல்ல. படிங்க. இத நம்பித்தானே உக்காந்திருந்தோம்? இதப் பாத்துத்தானே டாக்டர் மாத்திரை குடுத்தாரு? நாளைக்கே எழுதிப் போடறேன். உங்க வேலையப் புடுங்காம விட மாட்டேன்."

"எனக்கும் புரியல தம்பி" என்றாள் நர்ஸம்மா. "இவ இதே சீக்குல படுத்திருக்கான்னு தெரிஞ்சதுலேருந்து, குழாய மாத்தி வாங்கிட்டேனோன்னு பழைய நோட்டெல்லாம் எடுத்துப் பாக்கறேன். ரெண்டு தடவ எண்ணப் பாத்துத்தான் வாங்குனேன். அப்படி நான் மாத்தியிருந்தா, எழுதிப் போடுங்க. வேண்டாம்னு சொல்ல மாட்டேன்."

"இனிமே அந்தப் பையோட எங்க படி ஏறாதீங்க" என்றாள் அயர்ன்காரம்மா. உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள்.

பெரியவள் ஜாக்கெட்டைக் கையில் பிடித்தபடி வாசல்நிலையில் நின்றாள். இப்போதும் சும்மா இருந்துவிடலாம். தெரிந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருத்தி வாயைத் திறக்கப்போவதில்லை. இந்த நர்ஸம்மாவுக்கு வேலை போகும். இந்தத் தெருவில் இனி யாரும் குச்சியைத் தொட மாட்டார்கள். இவர்களில் இன்னொருத்திக்கு நடுநடுவே படும்.

"அது அவளோடது இல்ல தம்பி" என்றாள்.

கொழுந்தன் திரும்பினான். "எது அண்ணி?"

"அந்தக் குழாய். ரெண்டு குழாயும் என்னோடதுதான். நான்தான் ரெண்டுத்துக்கும் எடுத்துப் போட்டேன்."

ஃபேன் இப்போது ஆடாமல் ஓடியது. ஸ்டூலிலிருந்து ஒரு காலைத் தரையில் வைத்த அவள் வீட்டுக்காரர் அடுத்த காலை எடுக்காமல் நின்றார்.

"ஏன்?" என்றான் கொழுந்தன்.

பதில் அவள் நாக்கின் நுனியில் இருந்தது. அவ உனக்குப் பயந்தா. அவ்வளவுதான். அதைச் சொன்னால் இந்த அழுகை நின்றுவிடும். ஐஸ்கிரீம், ஜன்னல் மெஷின், கைப்பை, பக்கத்து நாற்காலி எல்லாவற்றிலும் அந்த ஒரு வரி ஏறி உட்கார்ந்துகொள்ளும். சாகிற வரைக்கும் இவன் அதை மனசுலயே வைத்துக்கொண்டிருப்பான். பதினாறு வருஷத்துப் பொறாமைக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. சொன்னால் அது பொய்யும் இல்லை.

அவள் சின்னவளைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"அன்னிக்கு நெறைய ஆர்டர் இருந்துச்சு தம்பி. அவ மெஷின விட்டு எழுந்திரிக்கல. நான்தான், எல்லாம் ஒண்ணுதானேன்னு... எனக்கு விவரம் பத்தல."

"ஒண்ணா?" அவன் அந்த வார்த்தையை நம்ப முடியாமல் இன்னொரு தடவை சொன்னான். "ஒண்ணா? எட்டு மாசம் அந்த மாத்திரைய நான் என் கையால குடுத்தேன். நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க."

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லல."

அவன் அவளை அடித்திருந்தால்கூடத் தேவலாம். அவன் குரலை உயர்த்தவில்லை. "அவளத் தொடாதீங்க. நீங்க இந்த ரூமுக்குள்ளயே வராதீங்க" என்று மட்டும் சொன்னான்.

பெரியவள் ஜாக்கெட்டை அயர்ன்காரம்மாவிடம் நீட்டினாள். அவள் வாங்கத் தயங்கி, பிறகு வாங்கிக்கொண்டாள். நர்ஸம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னோடத நான்தான் எடுத்தேன். ஆண்டவன் மேல சத்தியமா" என்றாள் அயர்ன்காரம்மா, யாரும் கேட்காமலே. மூலையில் பூக்கடைக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் அவள் மருமகளும் அன்றைக்கு ஒரே நேரத்தில் பை வாங்கியவர்கள். நர்ஸம்மா அந்தக் குனிந்த தலையைப் பார்த்தாள்.

பெரியவள் முன் அறைக்குத் திரும்பி ஜன்னல் மெஷினில் உட்கார்ந்தாள். தைக்க ஒன்றும் இல்லை. அறுந்த நூல்களைப் பொறுக்கி உள்ளங்கையில் உருட்டினாள். நாலு மணிக்கு எடுத்துவிடுவார்கள். அதுவரைக்கும் இங்கேயே இருக்க வேண்டியதுதான். உள்ளே அவன் மறுபடியும் அழ ஆரம்பித்தது கேட்டது. முன்னைவிட மனம் விட்டு, தன் மேல் ஒரு குற்றமும் இல்லாதவன் அழுகிற அழுகை. அவளுக்கு இப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. அவனுக்குத் தன் பெண்டாட்டி முழுசாகக் கிடைத்துவிட்டாள். கண்ணீர் அப்போதுதான் அவளுக்கு வந்தது. அது நிற்கவில்லை.

வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்றார். ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"உனக்கு அடுத்தது எப்போ?"

"எது?"

"அந்த டெஸ்ட்டு."

"அடுத்த வருஷம்."

"ஏதாவது ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி இருந்தா, நானும் வர்றேன்."

இருபது வருஷமாக அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க" என்றாள். "ஆனா வெளியவே உக்காருங்க."

அவருக்குப் புரியவில்லை. தலையாட்டினார்.

அயர்ன்காரம்மா ஜாக்கெட்டோடு திரும்பி வந்தாள். மேஜை மேலிருந்த கத்தரிக்கோலை அவளே எடுத்துக்கொண்டாள். "அளவு சரியாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு பக்கமும் உள்துணி கத்தையா நிக்குது, புடவை படிய மாட்டேங்குது. அத மட்டும் வெட்டிடவா?"

"வேணாம்."

"இனிமே எதுக்கு அது?"

"இருக்கட்டும்."

பெரியவள் ஜாக்கெட்டை வாங்கி மடியில் போட்டு, உள்துணியை இரண்டு பக்கமும் விரலால் நீவி மடித்து, படிந்து நிற்கும்படி ஊசியால் நாலு பிடி பிடித்துக் கொடுத்தாள். பிறகு அவள் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.